ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு கழுத்து

என் இடது கழுத்தை இதுவரை முப்பது பேராவது ஸ்கேன் செய்து பார்த்திருப்பார்கள். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. தோளுக்கும் கைக்கும் போகிற நரம்புகள் கழுத்தில் இரண்டு தசைகளுக்கு நடுவே இறங்கி வரும். அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தால் சிக்னல் விளக்கு போல ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கருப்பு வட்டங்கள். பாடப்புத்தகப் படம் அதுதான். என் இடது பக்கத்தில் மட்டும் மேலே இருக்கிற நரம்பு வழியை விட்டு விலகி, முன்பக்கத் தசையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. சிலருக்கு இப்படி அமைவதுண்டு. கையில் எந்தக் குறையும் இல்லாததால் 48 வயது வரை எனக்கே தெரியாது. தெரிந்த நாளிலிருந்து எங்கள் குழுவில் என் கழுத்துக்குத் தனி மவுசு. புதிதாக யார் வந்தாலும், "முதல்ல வலது பக்கம் பாருங்க, அப்புறம் இடது பக்கம் பாருங்க" என்று என்னைப் படுக்க வைத்து விடுவார்கள். ஜெல் சில்லென்று காலர் எலும்பு வரை வழியும்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி. ஒரு நர்சிங் ஹோமின் தியேட்டருக்குப் பக்கத்து அறை. ஒன்பது பேர், சில மாதம் பன்னிரண்டு பேர். கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி என்று சுற்று வட்டாரத்தில் வேலை பார்க்கிற மயக்க மருத்துவர்கள். முழு மயக்கம் கொடுக்காமல் கையை மட்டும், காலை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சைக்குத் தயார் பண்ணுகிற வித்தையில் ஆசை உள்ளவர்கள். படித்தவர்கள் ரீஜனல் அனஸ்தீசியா என்போம், தியேட்டரில் பிளாக் என்போம், நோயாளிகள் மரப்பு ஊசி என்பார்கள். மூன்றில் மரப்பு ஊசிதான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. என் மனைவி எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் 'கழுத்து பார்க்கிற கோஷ்டி'.

எதற்கு இப்படி ஒரு கோஷ்டி என்று கேட்டால், எங்கள் தொழிலின் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. சிறு ஊர்களில் பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் இப்படித்தான். போன் வரும், போவோம். காலையில் ஒரு ஊரில் ஹெர்னியா, மதியம் இன்னொரு ஊரில் எலும்பு முறிவு, ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன். கார் டிக்கியில் பை, பைக்குள் டியூப், லாரிங்கோஸ்கோப், ஆம்பு பேக், மருந்துப் பெட்டி. ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் பக்கத்தில் இன்னொரு நிபுணர் உதவிக்கு நிற்பார். கையில் தையல் எப்படி விழுகிறது என்று நாலு கண் பார்க்கும். மயக்க மருத்துவர் பக்கத்தில் இன்னொரு மயக்க மருத்துவர் நிற்பதில்லை. ஒரு கேஸுக்கு ஒருவர்தான், அதற்கு மேல் யார் காசு கொடுப்பார்கள்? மேற்படிப்பு முடித்து வெளியே வந்த பிறகு, இன்னொரு மயக்க மருத்துவரின் கை வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்து 11 வருடம் ஆகியிருந்தது. என் கையையும் யாரும் பார்க்கவில்லை. படித்த காலத்தில் இருந்த தப்பு அப்படியே கெட்டிப்பட்டுக் கிடந்தது. அது தப்பு என்று சொல்ல ஆள் இல்லாததால் அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்த 11 வருடம் முடிவுக்கு வந்தது ஒரு குளறுபடியால். மணிக்கட்டு முறிவு ஒன்றுக்கு, ஒரு நர்சிங் ஹோமில் ரிசப்ஷன் பெண் எனக்கும் சொல்லிவிட்டார், எங்கள் வட்டாரத்தின் மூத்த மருத்துவருக்கும் சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் ஏற்கெனவே கையுறை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதே அறுபது தாண்டியாயிற்று. நியாயமாக நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். வெளியே மழை. சரி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம் என்று ஓரமாக நின்றேன்.

அக்குளில் போடுகிற ஆக்சிலரி பிளாக். ஸ்கேன் இல்லை, நரம்பைத் தூண்டிப் பார்க்கிற ஸ்டிமுலேட்டரும் இல்லை. இரண்டு விரலால் தமனியின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, படுத்திருந்த விவசாயியிடம் பருத்தி என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டே ஊசியை உள்ளே விட்டார். "கைக்குச் சுரீர்னு போச்சா ஐயா? எந்த விரலுக்கு?" அவர் சுண்டுவிரல் என்றார். பெரியவர் ஊசியை மயிரளவு பின்னுக்கு இழுத்து மருந்தை ஏற்றினார். அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது அதற்கு அடுத்து வந்தது. ஊசியை வெளியே எடுத்துவிட்டு, புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு சிரிஞ்சில் கொஞ்சம் மருந்து எடுத்து, அக்குளுக்குக் கீழே கையின் உள்பக்கத் தோலுக்கடியில் ஒரு கோடு இழுப்பது போல் போட்டார்.

"இது எதுக்கு சார்?" என்றேன்.

"டூர்னிகே கட்டுவாம்லா. அந்த இடத்துத் தோல் நரம்பு நெஞ்சிலிருந்து வருது. நீ கழுத்துல போட்டாலும் அக்குள்ல போட்டாலும் அது மரக்காது."

எனக்குச் சுருக்கென்றது. பாடத்தில் படித்ததுதான். ஆனால் 11 வருடமாக என் நோயாளிகளில் பலர் அரை மணி நேரம் கழித்து மேல்கை வலிக்கிறது என்று முனகுவார்கள். நான் ரத்தக்குழாயில் கொஞ்சம் தூக்க மருந்து ஏற்றுவேன். டூர்னிகே, அதாவது ரத்தம் வராமலிருக்க மேல்கையில் போடுகிற கட்டு, நெடுநேரம் இறுக்கிக் கிடந்தால் வருகிற வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தோலில் ஒரு கோடு இழுத்தால் பாதி முனகல் போய்விடும் என்பதை அன்று ஓரமாக நின்ற ஐந்து நிமிடத்தில் பெற்றேன். வெளியே வந்து டீ குடித்தபோது, "சார், நீங்க கேஸ் போடும்போது நான் சும்மா வந்து நிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நானும் உன் கேஸுக்கு வந்து நிக்கேன். எனக்கு அந்த ஸ்கேன் மெஷின்ல ஒரு எழவும் தெரிய மாட்டேங்கு."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வேர் அதுதான்.

பெரிய அளவில் இதற்கு அமைப்புகள் உண்டு. இந்திய மயக்கவியலாளர் சங்கம் 1947-லேயே வந்துவிட்டது. ஊருக்கு ஊர் கிளை. பிளாக் போடுகிறவர்களுக்கென்று தனியாக ஏ.ஓ.ஆர்.ஏ. என்கிற அகில இந்திய அகாடமி இருக்கிறது. ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. கோவை கங்கா மருத்துவமனைக்கு எலும்பு முறிவுக்கும் கை அறுவைக்கும் நோயாளிகள் போவதைப் போல, பிளாக் கற்றுக்கொள்ள எங்கள் ஆட்களும் போகிறார்கள். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாநாட்டில் மேடையில் நிற்பவர் தன் நூறாவது வெற்றியைக் காட்டுவார். வீடியோவில் ஊசி ஒரே இழுப்பில் நரம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மருந்து பூ விரிவது போல விரியும். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். திங்கட்கிழமை நம் தியேட்டரில் அதே ஊசி திரையில் காணாமல் போகும்போது மேடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

எங்கள் குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு பேச்சு வந்தது. ஒருவர் பெரியவரின் பெயரையே வைக்கலாம் என்றார். அவர் இட்லியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். உடனே எனக்கு 1923 நினைவு வந்தது. நியூயார்க்கில் காஸ்டன் லபா என்ற மருத்துவர் இருந்தார். பிரான்சில் இந்த வித்தையைக் கற்று, 1920-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு அழைத்து வரப்பட்டவர். 1922-ல் அவர் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் அமெரிக்கர்கள் நரம்பைத் தேடக் கற்றார்கள். அவரைச் சுற்றிக் கூடியவர்கள் தங்கள் சங்கத்துக்கு அவர் பெயரையே வைக்கப் பார்த்தார்கள். மனிதர் வேண்டாம் என்றுவிட்டார். அமெரிக்க ரீஜனல் அனஸ்தீசியா சங்கம் என்று பெயர் வைத்தார்கள். சங்கம் நிலைத்ததா என்றால் இல்லை. 1934-ல் லபா இறந்தார். 1940 வாக்கில் அது பெரிய மயக்கவியல் சங்கத்தோடு கரைந்து போனது. நல்ல முழு மயக்க மருந்துகள் வந்துவிட்ட காலத்தில் நரம்பைத் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? 1975-ல் ஐந்து பேர் சேர்ந்து அதே பெயரில் திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஐவரில் ஒருவர் இந்தியாவிலிருந்து போன பிருத்வி ராஜ். இப்போது அது உலகம் பார்க்கிற சங்கம்.

லபாவுக்கும் முன்னால், இந்தத் துறையின் முதல் குழுவில் இரண்டே பேர்தான் இருந்தார்கள் என்பது என் கட்சி. 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் முதுகில் கொக்கைன் ஊசி போட்டு நோயாளிகளுக்கு அறுவை செய்தார். வாந்தியும் தலைவலியும் வந்தன. ஏன் என்று தெரிய, தனக்கே போடச் சொன்னார். போட்டது உதவியாளர் ஹில்டபிராண்ட். சிரிஞ்சும் ஊசியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மருந்தும் போயிற்று, தண்டுவடத் தண்ணீரும் போயிற்று. சரி, எனக்குப் போடுங்கள் என்று ஹில்டபிராண்ட் படுத்தார். மரத்துவிட்டது. மரத்ததா என்று பார்க்க பியர் அவர் முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார், இன்னும் எழுத முடியாத இடத்திலும் இழுத்துப் பார்த்தார். வலிக்கவில்லை. இருவரும் ராத்திரி விருந்து சாப்பிட்டு, ஒயின் குடித்து, சுருட்டும் பிடித்தார்கள். அடுத்த ஒன்பது நாள் பியருக்கு எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. ஹில்டபிராண்டின் கால் முழுக்கக் கன்றிப் போயிருந்தது. சக மருத்துவரின் உடம்பில் முதலில் பார்ப்பது என்கிற எங்கள் ஞாயிறு வழக்கத்துக்கு அவர்கள்தான் குலதெய்வம். நாங்கள் ஜெல் தடவுவதோடு நிறுத்திக்கொள்கிறோம், சுத்தியல் எடுப்பதில்லை.

ஊசி குத்திப் பழக வேறு ஏற்பாடு. ஜெலட்டினைக் கொதிக்க வைத்து, மலச்சிக்கலுக்குச் சாப்பிடுகிற இசப்கோலைக் கலந்து, டிபன் டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் திரையில் சதை போலவே சாம்பல் நிறமாகத் தெரியும். உள்ளே ஒரு நூடுல்ஸ் இழையைப் புதைத்து வைத்தால் அதுதான் நரம்பு. இரண்டு முறை என் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் முறை மகன் அதைப் புட்டிங் என்று நினைத்து ஸ்பூனோடு போய்விட்டான். இப்போது நர்சிங் ஹோம் ஃபிரிட்ஜில்தான். சில ஞாயிறுகளில் கறிக்கடையில் ஆட்டுத்தொடை வாங்கி வருவார்கள். பயிற்சி முடிந்த தொடையை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பது தீராத விவாதம்.

திரை விஷயத்தில் எங்களுக்கு ஆசிரியை, எல்லோரையும்விட இளையவர். முப்பத்திரண்டு வயது. ஊசி தோலுக்குள் போனதும் எல்லோரும் திரையைப் பார்ப்போம். அவர் ஊசியையும் ப்ரோபையும் (தோல் மேல் வைத்து நகர்த்துகிற ஸ்கேன் கருவி) பிடித்திருக்கிற கையைப் பார்ப்பார். "சார், நீங்க ஊசியையும் ப்ரோபையும் ஒரே நேரத்துல அசைக்கிறீங்க. ஒண்ணு நிக்கணும், ஒண்ணு அசையணும்" என்று அவர் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம் இன்றைக்கும் தியேட்டரில் காதில் கேட்கிறது. ஊசியின் தண்டு தெரிந்தால் போதாது, நுனி தெரிய வேண்டும். அல்ட்ராசவுண்டின் கீற்று ஏறக்குறைய கிரெடிட் கார்டு கனம்தான். அந்தக் கீற்றுக்குள் ஊசி கிடந்தால்தான் தெரியும், ஒரு முடி நகர்ந்தாலும் நுனி வெளியே. நுனி எங்கே என்று தெரியாமல் தள்ளினால், காலர் எலும்புக்கு மேலே போடுகிற பிளாக்கில் அடுத்து இருப்பது நுரையீரலின் உறை. பெரியவரையும் அவர் விடுவதில்லை. "சார், நுனி எங்கே?" "அங்கனதாம்மா எங்கேயாவது இருக்கும்." "எங்கேயாவதுன்னா?" அறுபதைத் தாண்டியவர் பள்ளிப் பிள்ளை மாதிரி ப்ரோபைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுவார்.

அவர் பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பெரியவர் அவருக்குத் திரை இல்லாமல் போடச் சொல்லிக்கொடுக்கிறார். இந்த இரண்டாவது ஏன் தேவை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காரணம், ஒரு சட்டம்.

அல்ட்ராசவுண்ட் மெஷின் எதுவாக இருந்தாலும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். கையடக்க மெஷின் என்றாலும் பதிவான வளாகத்தைத் தாண்டி எடுத்துப்போகக் கூடாது என்று 2012-ல் விதி இறுகியது. என்னைப் போல மூன்று ஊர் சுற்றுகிறவன் டிக்கியில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், நரம்பைக் காட்டுகிற மெஷினை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. நாங்கள் பயன்படுத்துவது தோலுக்கடியில் ஐந்தாறு சென்டிமீட்டர் வரை தெளிவாகக் காட்டுகிற நேர்கோட்டு ப்ரோப். கருவைப் பார்க்க வளைந்த ப்ரோப் வேண்டும். எங்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று மயக்க மருத்துவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் கேட்பேன். கேட்கும்போதே தொண்டையில் ஒன்று அடைக்கும். உசிலம்பட்டி எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. கள்ளிப்பாலும் நெல்மணியும் இங்கே கதையாக வந்தவை அல்ல. தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்றை 1992-ல் தமிழக அரசு தொடங்க வேண்டியிருந்தது. ப்ரோபைக் கழற்றி இன்னொன்றை மாட்ட அரை நிமிடம் ஆகாது. அது எனக்குத் தெரியும், சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால் எனக்குக் கோபம் வருகிற நாளில்கூட முழுக் கோபம் வருவதில்லை. மெஷின் உள்ள நர்சிங் ஹோமில் திரை பார்த்துப் போடுகிறேன், இல்லாத இடத்தில் ஸ்டிமுலேட்டரும் விரலும். இரண்டும் தெரியாமல் இந்த வட்டாரத்தில் பிழைக்க முடியாது. எங்கள் கூட்டம் நடக்கிற இடத்து மெஷினும் அந்த இடத்துக்கே பதிவானதுதான். அதனால்தான் கூட்டத்தை வேறு ஊருக்கு மாற்றவே முடியவில்லை. தென்காசிக்காரர்கள் மாதாமாதம் புலம்பிக்கொண்டே வருகிறார்கள்.

எத்தனை பிளாக் கற்றுக்கொள்வது என்பதிலும் சண்டை உண்டு. எனக்கென்னவோ சமீப வருடங்களில் உடம்பில் இருக்கிற நரம்பைவிடப் புதுப் பிளாக்குகளின் பெயர்கள் அதிகமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. முதுகெலும்பின் பக்கத்துத் தசைக்கடியில் மருந்து போடுகிற முறை 2016-ல் வெளியானதும், அதற்குப் பின்னால் ஒரே பெயர்சூட்டு விழா. 2020-ஐ ஒட்டி பிரிட்டனின் ரீஜனல் அனஸ்தீசியா குழுவைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் ஒரு நல்ல பேச்சைக் கிளப்பினார்கள்: எல்லோரும் எல்லாவற்றையும் கற்க வேண்டாம், ஏழு அடிப்படை பிளாக்குகளை எல்லா மயக்க மருத்துவரும் ஒழுங்காகக் கற்றால் பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதும். தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, இடுப்பு மூட்டுக்கு ஒன்று என்று போகிறது பட்டியல். நாங்கள் அதையும் சுருக்கி நாலாக்கிக்கொண்டோம். எங்களிடம் வருகிற கேஸ் பைக்கிலிருந்து விழுந்த கை, குளியலறையில் வழுக்கிய பாட்டியின் இடுப்பு, சர்க்கரையில் அழுகிய கால். இவர்களில் பாதிப் பேருக்கு நெஞ்சோ நுரையீரலோ சரியில்லை. நாற்பது வருடம் பீடி பிடித்தவருக்கு முழு மயக்கம் கொடுத்தால் அறுவை முடிந்து மூச்சு திரும்புவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும். அவருக்குக் கழுத்திலும் போட மாட்டேன். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு பக்கத்தில்தான் இருக்கிறது, அதுவும் மரத்தால் இருக்கிற மூச்சும் கணிசமாகக் குறைந்துவிடும். அவருக்கு அக்குள்தான் கதி.

இப்போது அந்த விஷயம்.

குழு தொடங்குவதற்கு நாலு மாதம் முன்பு. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். முன்கை முறிவு, ஒரு அம்மா, 45 கிலோ. பியூபிவக்கேன் என்கிற மரப்பு மருந்துக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது நான் படித்த வரம்பு. 45 கிலோவுக்கு 90 மில்லிகிராம். அரை சதவீத மருந்தில் 18 மில்லி. நான் போட்டது 25 மில்லி. 125 மில்லிகிராம். படிக்கும் காலத்தில் நரம்பு தெரியாமல் போடுவதால் நிறையப் போடுவோம், 30 மில்லிகூட. அறுபது, எழுபது கிலோ ஆட்களுக்குப் போட்டுப் பழகிய கை. காட்டு வேலை செய்கிற ஒடிசலான அம்மாவுக்கும் அதே கை அதே அளவைத்தான் எடுத்தது. கணக்கு தெரியாமல் இல்லை. பழக்கம்.

போட்டு மூன்று நிமிடம் இருக்கும். "ஐயா, வாய்ல காசு வச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்புறம், "காது ஙொய்ங்குது." மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த நொடிக்கும் அவருக்கு வலிப்பு வந்த நொடிக்கும் நடுவில் நான் ஆக்சிஜன் முகமூடியைத்தான் எடுக்க முடிந்தது. வலிப்பை அடக்க மிடசோலம் கொடுத்தேன். இதயம் தாறுமாறாகப் போகவில்லை, அது என் திறமையால் அல்ல. இந்த நஞ்சுக்கு மருந்து உண்டு. ரத்தத்தில் ஏற்றுகிற 20 சதவீதக் கொழுப்புக் கரைசல். எலிகளில் அது வேலை செய்வதை வைன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1998-ல் காட்டினார். மனிதருக்குக் கொடுத்துக் காப்பாற்றிய முதல் செய்தி 2006-ல் வந்தது. கிலோவுக்கு ஒன்றரை மில்லி முதலில். அவருக்கென்றால் 67 மில்லி சொச்சம். அந்த வளாகத்தில் ஒரு சொட்டு இல்லை. பத்து நிமிடத்தில் அவர் கண்ணைத் திறந்தார். மகனிடம் 'மருந்து ஒத்துக்கல' என்றேன். சர்ஜன் 'ஃபிட்ஸ் கேஸ் போல' என்றார். நான் மறுக்கவில்லை. அந்த நாலு மாதம் பியூபிவக்கேன் குப்பியை உடைக்கும்போதெல்லாம் கை நடுங்கியது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

கூட்டம் தொடங்கி இரண்டாவதோ மூன்றாவதோ ஞாயிறு. பெரியவர் டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, 1990களில் தன் நோயாளி ஒருவருக்குக் காலர் எலும்புக்கு மேலே போட்ட ஊசியில் நுரையீரல் சுருங்கிப் போனதையும், தான் அதைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்ததையும் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். இளம் மருத்துவர், இடது கைக்குப் பதில் வலது கைக்கு ஊசியைக் கொண்டுபோய் நர்ஸ் தடுத்ததைச் சொன்னார். என் முறை என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

எடையைக் கேட்டார்கள். அளவைக் கேட்டார்கள். நடுவில் சிரிஞ்சை இழுத்துப் பார்த்தேனா, ஐந்து ஐந்து மில்லியாகப் பிரித்துப் போட்டேனா என்று கேட்டார்கள். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கடைசியில் பெரியவர், "அந்த அம்மாகிட்ட போய்ச் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். அவர் எனக்கு மோர் கொடுத்தார். 'உங்களுக்கு வலிப்பு நோய் இல்லம்மா, என் மருந்துக் கணக்கு கூடிப்போச்சு, இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க' என்றேன். அவர், "சரிய்யா, கைதான் நல்லாச்சே" என்றார். மகன் மட்டும் வாசல் வரைக்கும் வந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பார்வைக்கு எனக்கு இன்றுவரை பதில் இல்லை.

குழுவிலிருந்து இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, காசு போட்டுக் கொழுப்புக் கரைசல் பாட்டில்கள் வாங்கினோம். 250 மில்லி பாட்டில், ஊருக்கு இரண்டு என்று, ராத்திரியும் திறந்திருக்கிற மருந்துக்கடைகளில் வைத்தோம். கடைக்காரர் எங்கள் போன் வந்தால் பையனை பைக்கில் அனுப்புவார். காலாவதி தேதி பார்ப்பது மாதம் ஒருவர் பொறுப்பு. இதுவரை ஒரு தடவைதான் பையன் ஓட வேண்டி வந்தது. தேதி முடியப்போகிற பாட்டில்களை வாய்வழி சாப்பிட முடியாதவர்களுக்கு ஏற்றுகிற பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்கிறோம். இரண்டாவது, ஊசியைத் தோலில் வைப்பதற்கு முந்தைய நொடி நிறுத்தி, எந்தப் பக்கம் என்று சத்தமாகக் கேட்பது. பிரிட்டனில் 2010-ஐ ஒட்டி இதையே ஒரு இயக்கமாகச் செய்தார்கள்: பிளாக் போடும் முன் நில் என்று. எங்கள் தியேட்டர்களில் நர்ஸ் அக்காக்கள் அதை எங்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "சார், எந்தப் பக்கம்?" என்று அவர்கள் கேட்காமல் சிரிஞ்சைக் கையில் தர மாட்டார்கள்.

சர்ஜன்களைத் திருத்தத்தான் எங்கள் குழுவால் முடியவில்லை. பிளாக் பிடிக்கப் பதினைந்து, இருபது நிமிடம் வேண்டும். அவர்கள் ஐந்தாம் நிமிடம் வந்து, "என்ன டாக்டர், மரத்துச்சா?" என்பார்கள். ஆறாம் நிமிடம் ஃபோர்செப்ஸால் கிள்ளி, "வலிக்குதா?" என்று நோயாளியையே கேட்பார்கள். பயந்து கிடக்கிற மனிதரிடம் வலிக்குதா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? ஸ்பிரிட் பஞ்சை வைத்து, "சில்லுன்னு இருக்கா, இந்தக் கையிலயும் அந்தக் கையிலயும் ஒண்ணு போல இருக்கா?" என்று கேட்க வேண்டும். இன்னொரு கூட்டம், முதுகு ஊசிதான் ஆயுளுக்கும் இடுப்புவலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்கிற உறவினர்கள். நீண்டகால இடுப்புவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுகள் சொல்லியாயிற்று. என் மாமியார் இன்னும் நம்பவில்லை.

போன ஐப்பசியில் மழைக்கு வழுக்கி, பெரியவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு. எழுபது வயதைத் தொட்டவர், நெஞ்சில் ஸ்டென்ட் இரண்டு. முழு மயக்கம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். யார் போடுவது என்ற கேள்விக்கு இளம் மருத்துவரைக் கைகாட்டினார். கோஷ்டியில் அன்று ஊரில் இருந்த அத்தனை பேரும் தியேட்டருக்குள். சர்ஜன் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எத்தனை பேருக்கு பில் போடணும்?" என்றார்.

பெரியவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் அக்குளின் தமனியையும் அதைச் சுற்றித் தேன்கூட்டு ஓட்டைகள் போல உட்கார்ந்திருக்கிற நரம்புகளையும் அவர் அன்றுதான் முதலில் பார்த்தார். நாற்பது வருடம் விரலால் தேடியவை. ஊசி உள்ளே போயிற்று. திரையின் ஓரத்தில் தண்டு வெள்ளையாக மின்னியது.

"நுனி எங்கம்மா?" என்றார்.

இளம் மருத்துவரின் கை ஒரு நொடி நின்றது. ப்ரோபைச் சற்றே சாய்த்தார். "இதோ சார்."

"ம். இப்ப போடு."

மருந்து போய் முடிந்தது. தோலில் அந்தக் கோட்டையும் மறக்காமல் இழுத்தார். சர்ஜன் கையைக் கழுவிவிட்டு ஐந்தாம் நிமிடம் வந்து நின்றார்.

"மரத்துச்சா சார்?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகும். போய் டீ குடிச்சிட்டு வாரும்."